எந்தச் சுவரைக் காத்தோம்?

புதுச்சேரி சம்பா கோயிலுக்குள் ஒரு காலத்தில் ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியரும். அந்தப் பக்கம் தாழ்த்தப்பட்டோர். பூசை ஒன்று, செபம் ஒன்று, நடுவில் சுவர். 1745 அக்டோபரில் தாழ்த்தப்பட்ட மக்கள் குருமாரிடம் போய், நாங்களும் இந்தச் சபையின் பிள்ளைகள்தானே, எங்களுக்கு மட்டும் எதற்குச் சுவர் என்று முறையிட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். பின்னாளில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை இதைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்ததால் நமக்குத் தெரிகிறது. கல்லும் சுண்ணாம்பும் விழுந்த பிறகும் பிரிவினை விழவில்லை. வேறு வடிவங்களில் நெடுங்காலம் நின்றது.

அந்தச் சுவரின் இருபுறமும் மண்டியிட்ட ஒவ்வொருவரின் வயிற்றுக்குள்ளும் இன்னொரு சுவர் இருந்தது. அது எப்படிக் காக்கிறது என்று அன்று உலகில் யாருக்கும் தெரியாது. கோயில் சுவர் தங்கள் தூய்மையைக் காப்பதாக அதைக் கட்டியவர்கள் நம்பினார்கள். அவர்களை உயிரோடு வைத்திருந்ததோ அந்த வயிற்றுச் சுவர். அதைக் காக்க அவர்கள் விரலைக்கூட அசைக்கவில்லை. அன்று அறியாமை என்று சொல்லலாம். இன்று அந்தச் சுவரைப் பற்றி எல்லாம் தெரிந்த பிறகும் நாம் பழைய சுவருக்கே காவல் நிற்கிறோம். இதுவே நம்மீது என் குற்றச்சாட்டு.

என்னிலிருந்தே தொடங்குகிறேன். என் ஆயா வீடு, புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் இருந்தது. திண்ணை, தாழ்வாரம், முற்றம், கொல்லையில் கிணறு, கிணற்றுக்கு அப்பால் கக்கூஸ். பின்சந்து வழியாக ஓர் அம்மாள் வந்து அதைச் சுத்தம் செய்துவிட்டுப் போவார். அவர் தண்ணீர் கேட்டால் ஆயா செம்பைத் தூக்கிப் பிடித்து ஊற்றுவார். அந்த அம்மாள் குனிந்து, கைகுவித்துக் குடிப்பார். செம்புக்கும் கைக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும். அந்த ஒரு முழத்தை ஆயா ஒருநாளும் தவறவிட்டதில்லை. கிணற்றுக்கும் கக்கூசுக்கும் நடுவே பத்தடிகூட இல்லை. அதை யாரும் அளந்ததே இல்லை. ஒரு மழைக்காலத்தில் என் தம்பிக்கு வாந்திபேதி கண்டு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். திரும்பி வந்ததும் ஆயா அவனுக்குச் சுற்றிப்போட்டார். செம்பைப் புளிபோட்டுத் தேய்த்துக் கழுவினார். கிணற்றைப் பற்றி வீட்டில் எவரும் ஒரு சொல் பேசவில்லை.

ஆயா இரக்கம் இல்லாதவர் அல்லர். பசி என்று வந்தவரைச் சோறு போடாமல் அனுப்பியதில்லை. ஆனால் அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஆளைக் காட்டினார்கள், நீரைக் காட்டவில்லை. நல்லவர்களைக்கூடத் தவறான திசையில் காவல் நிற்க வைப்பதுதான் மூடநம்பிக்கையின் முழுக் கொடுமை.

அந்த வயிற்றுச் சுவர் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். சிறுகுடலின் உட்புறத்தை மூடியிருப்பது ஒரே ஒரு வரிசை உயிரணுக்கள். தலைமுடியின் தடிமன்கூட அதற்கு இல்லை. அதன் ஒரு பக்கம் நாம் விழுங்கிய சோறும் குழம்பும் கணக்கற்ற கிருமிகளும். மறுபக்கம் நம் ரத்தம். நான்கைந்து நாளுக்குள் அந்த வரிசை முழுவதும் உதிர்ந்து புதிதாகிறது. ஓர் உயிரணு உதிரும்போது பக்கத்தில் இருப்பவை நெருங்கிவந்து ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்கின்றன. நாம் தூங்கும்போதும் இந்த வேலை நிற்பதில்லை.

எதனால் பற்றுகின்றன? புரதங்களால். கேட்ஹெரின் என்ற புரதம் அடுத்த உயிரணுவின் கேட்ஹெரினோடு கைகோத்து நிற்கிறது. சுண்ணாம்புச் சத்தை நீக்கிவிட்டால் அந்தப் பிடி விட்டுவிடும். அதற்கும் மேலே, உயிரணுக்களின் விளிம்பில், இன்னும் இறுக்கமான ஒரு வளையம் இருக்கிறது. 1963இல் ஃபார்குவர், பலாடே என்ற இரு அறிஞர்கள் மின்னணு நுண்ணோக்கியின் கீழ் அதைத் தெளிவாகப் பார்த்து விவரித்தார்கள். ‘டைட் ஜங்ஷன்’ என்று பெயர். இறுக்கப் பிணைப்பு என்று நாம் சொல்லலாம்.

அந்தப் பிணைப்பு எதனால் ஆனது என்று கண்டுபிடித்த கதை பகுத்தறிவுக்கே ஒரு பாடம். ஜப்பானில் சுகிதா என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் 1993இல் ஆக்லூடின் என்ற புரதத்தைக் கண்டார்கள். சுவரின் ரகசியம் கிடைத்துவிட்டது என்று உலகம் நினைத்தது. அவர்கள் அத்தோடு நிற்கவில்லை. ஆக்லூடினே இல்லாத உயிரணுக்களை உண்டாக்கிப் பார்த்தார்கள். அவையும் இறுக்கப் பிணைப்பைக் கட்டிக்கொண்டன. அப்படியானால் நாம் கண்டது முழு விடை இல்லை என்று தங்கள் கண்டுபிடிப்பையே கேள்வி கேட்டு, 1998இல் கிளாடின் என்ற புரதத்தைக் கண்டார்கள். மூடுதல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். தலைமுறை தலைமுறையாக வந்த நம்பிக்கையைக்கூட ஒருமுறை சோதித்துப் பார்க்க மறுக்கும் நாம், ஐந்து ஆண்டு உழைப்பைத் தாங்களே சோதனைக்கு உட்படுத்திய அந்த மனிதர்கள் முன் தலைகுனிய வேண்டும்.

கிளாடின்களில் இருபதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பெயர் மூடுதல் என்றாலும் எல்லாமே மூடுபவை அல்ல. கிளாடின்-1 இல்லாமல் பிறந்த எலிக்குட்டி, தோல் வழியே நீரை இழந்து ஒரே நாளில் இறந்துபோகிறது. கிளாடின்-5 இல்லாவிட்டால் மூளையைக் காக்கும் ரத்தக்குழாய்ச் சுவர் கசிகிறது. கிளாடின்-2 நேர்மாறானது. உயிரணுக்களுக்கு நடுவே ஒரு நானோமீட்டரைவிடக் குறுகிய வழியைத் திறந்து, சோடியத்தையும் நீரையும் போகவிடுகிறது. சிறுநீரகத்தில் கிளாடின்-16 பழுதானால் மக்னீசியம் உடலில் தங்காமல் சிறுநீரில் போய்விடுகிறது. எது எங்கே எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைத் திசுக்கள் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டே இருக்கின்றன. ஆக, உடலின் எல்லை கோட்டை மதில் போன்றது அல்ல. திறக்கவும் மூடவும் தெரிந்த கதவுகளின் வரிசை அது.

அந்தக் கதவில் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு. உன் அளவு என்ன? உன் மின்னூட்டம் என்ன? எந்த வீட்டுச் சோறு, எந்தச் சாதிக்காரர் தொட்ட செம்பு, எந்தக் கோயில் தீர்த்தம் என்ற கேள்வி அங்கே இல்லை. மனிதர் ஒருவரைத் தொட்டதால் கதவைத் தாண்டி உள்ளே போகக்கூடிய ‘தீட்டு’ என்ற பொருள் எதுவும் இல்லை. இருந்தால் அதற்கு ஓர் அளவு இருக்க வேண்டும், ஓர் எடை இருக்க வேண்டும். யாரும் காட்டியதில்லை.

இங்கே ஒரு தவறான வழியை அடைத்துவிட்டு மேலே போகிறேன். ‘உடலே எல்லை வகுக்கிறது, உள்ளே விடலாமா கூடாதா என்று பிரிக்கிறது, ஆகவே சமூகத்தில் பிரிவினையும் இயற்கைதான்’ என்று சிலர் கிளம்புவார்கள். வேறு சிலர், ‘உயிரணுக்கள் கைகோத்து நிற்கின்றன, ஆகவே நாமும் ஒற்றுமையாக இருப்போம்’ என்று அழகாகப் பேசுவார்கள். இரண்டுமே தவறு. உயிரணுவுக்கு அறம் கிடையாது. புரதத்திடம் நீதி கற்க முடியாது. மனிதர் எல்லாரும் சமம் என்பதற்கு நுண்ணோக்கியின் அனுமதி தேவையில்லை. அது நாம் சிந்தித்து ஏற்கும் அறம். அறிவியல் செய்வது வேறொன்று. தீட்டு என்பது உலகைப் பற்றிய ஒரு கூற்று. ‘இவரைத் தொட்டால் உனக்குக் கேடு வரும்’ என்கிறது. அந்தக் கூற்று பொய் என்று அறிவியல் காட்டுகிறது. பொய்யின் மீது கட்டிய வழக்கத்தை, பொய் என்று தெரிந்த பிறகும் தொடர்வதுதான் அறக்கேடு.

‘நம் முன்னோர்கள் சுகாதாரத்துக்காகத்தான் தீட்டு வைத்தார்கள்’ என்று படித்தவர்களே சொல்கிறார்கள். நான் மதிக்கும் நண்பர்களும் சொல்லியிருக்கிறார்கள். அவர்களைக் கேட்கிறேன். சுகாதாரம் என்றால் கழுவினால் போக வேண்டும் அல்லவா? காலையில் சோப்புப் போட்டுக் குளித்துத் துவைத்த துணி உடுத்தி வந்தவரும் ஏன் வாசலிலேயே நிற்க வைக்கப்பட்டார்? பாசிபடிந்த குளத்து நீர் ஏன் தீர்த்தம் ஆனது? மலத்தை உண்டாக்கிய வீட்டுக்காரர் தூய்மையானவராகவும், அதை அகற்றியவர் தீட்டானவராகவும் எப்படி ஆனார்கள்? கிருமியின் கணக்கில் இது எதுவும் பொருந்தாது. பிறப்பின் கணக்கில் மட்டுமே பொருந்தும். சுகாதாரம் நீரைச் சோதிக்கும், தீட்டு ஆளின் குலத்தை விசாரிக்கும். இரண்டையும் ஒன்றாகச் சொல்வது சுகாதாரத்துக்கே இழுக்கு.

பிறப்பின் கணக்கு எவ்வளவு பொய் என்பதற்கான சான்று நமக்குப் பக்கத்திலேயே, வேலூரில் இருக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனையில் பேக்கர், மாதன் ஆகியோரும் உடன் உழைத்தவர்களும் 1960களிலும் 70களிலும் தென்னிந்திய மக்களின் குடலை ஆராய்ந்தார்கள். உணவை உள்வாங்கும் குடலுறிஞ்சிகள் ஆரோக்கியமான குடலில் விரல்விரலாக நீண்டு நிற்கும். இங்கே நோய் எதுவும் இல்லை என்று நினைத்த மக்களிடமும் அவை இலைபோல் அகன்று குட்டையாக இருந்தன. இது இந்த மக்களின் இயல்பா, இனத்தின் தன்மையா என்ற கேள்வி எழுந்தது. 1969இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கருவிலும் பிறந்த உடனும் இறந்துபோன குழந்தைகளின் குடலைப் பார்த்தார்கள். குடலுறிஞ்சிகள் விரல்விரலாகவே இருந்தன. பிறந்து சில மாதங்கள் ஆன பிறகுதான் அவை உருமாறின.

இந்த வரியைக் கொஞ்சம் நின்று படியுங்கள். வேலூரில் கருவான குழந்தையும் லண்டனில் கருவான குழந்தையும் ஒரே குடலோடுதான் இந்த உலகுக்கு வந்தன. வித்தியாசம் பிறப்பில் இல்லை. பிறந்த பிறகு வாயில் போன நீரிலும் மண்ணிலும் இருந்தது.

மறுபக்கச் சான்றும் உண்டு. நம் துணைக்கண்டத்தில் பணியாற்ற வந்த அமெரிக்க இளைஞர்களின் குடலும் இங்கே இருந்தபோது இதேபோல் மாறியது. ஊர் திரும்பிய பிறகு மெல்ல மெல்லச் சீரானது. நியூயார்க்கில் குடியேறிய இந்தியர், பாகிஸ்தானியரின் குடலும் அங்கே சில ஆண்டுகள் வாழ்ந்தபின் தேறியது. 1971இல் இவை வெளியாயின. வெள்ளைக்காரர் குடல், கறுப்பர் குடல், மேல்சாதிக் குடல், கீழ்சாதிக் குடல் என்று எதுவும் இல்லை. நல்ல நீர் குடித்த குடல், மலம் கலந்த நீர் குடித்த குடல் என்ற இரண்டுதான் உண்டு.

அந்தக் குடலில் என்ன நடக்கிறது? மலக்கிருமிகள் நாள்தோறும் சிறிது சிறிதாக உள்ளே போகின்றன. குழந்தைக்குப் பேதிகூட ஆகாமல் இருக்கலாம். ஆனால் குடல் ஓயாமல் தற்காப்பில் இருக்கிறது. அந்தப் போராட்டத்தில் சுரக்கும் பொருள்கள் இறுக்கப் பிணைப்பைத் தளர்த்துகின்றன. ஒவ்வோர் உயிரணுவின் கழுத்தைச் சுற்றியும் ஒரு நார் வளையம் இருக்கிறது, பாட்டிகளின் சுருக்குப்பைக் கயிறு மாதிரி. அழற்சியில் அந்தக் கயிறு இழுபடும்போது உயிரணுவின் விளிம்பு உள்ளே சுருங்கி, பக்கத்து உயிரணுவோடு இருந்த பிடி நெகிழ்கிறது. அந்த இடுக்கு வழியே கிருமிகளின் துகள்கள் ரத்தத்துக்குள் நுழைகின்றன. வளர்ச்சிக்குப் போக வேண்டிய சத்து போருக்குப் போகிறது.

இதை அளக்க எளிய சோதனை உண்டு. லாக்டுலோஸ், மானிட்டால் என்ற இரண்டு சர்க்கரைகளைக் கரைத்துக் குழந்தைக்குக் கொடுப்பார்கள். மானிட்டால் சிறியது, இயல்பாக உள்ளே போகும். லாக்டுலோஸ் பெரியது, போகக் கூடாது. சில மணி நேரம் கழித்துச் சிறுநீரில் லாக்டுலோஸ் அதிகமாக வந்தால் சுவர் கசிகிறது என்று பொருள். எட்டு நாடுகளில் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து பார்த்த பெரிய ஆய்வு ஒன்றில் இந்தச் சோதனை நடந்தது. இந்தியாவிலிருந்து சேர்ந்த ஊர் வேலூர்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019-21இல் நடந்தது. அப்போது ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்களாக இருந்தார்கள். புதுச்சேரியில் 20 விழுக்காடு. நாட்டிலேயே மிகக் குறைந்த அளவுகளில் ஒன்று என்று நாம் பெருமைப்படலாம். அந்தப் பெருமையின் பொருள், ஐந்தில் ஒரு குழந்தை வளர வேண்டிய அளவு வளரவில்லை என்பது. உணவுப் பற்றாக்குறை, தாயின் உடல்நிலை என்று காரணங்கள் பல உண்டு. கசியும் குடலும் அவற்றில் ஒன்றாகக் கருதப்படுகிறது. ஆனால் நாம் கண்ணால் பார்க்கவே பார்க்காத காரணம் அதுதான். வீட்டில் யாருக்காவது தீட்டு வந்தால் பத்து நாள் நினைவில் வைத்திருக்கிறோம். பிள்ளையின் உயரத்தை எப்போது அளந்தோம் என்று நினைவில்லை.

2022 ஜூலையில் நம் ஒன்றியப் பகுதியின் காரைக்காலில் காலரா பரவி, பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பள்ளிகள் மூடப்பட்டன. விண்வெளிக்குக் கலம் அனுப்பும் நாட்டில் காலரா! காலராக் கிருமியின் நஞ்சு குடலுக்குள் நீரைக் கொட்டவைக்கிறது என்று 1959இல் கண்டவர் கொல்கத்தாவின் சம்புநாத் டே. அந்தக் கிருமி உயிரணுக்களின் இறுக்கப் பிணைப்பையே தளர்த்தும் இன்னொரு பொருளையும் உண்டாக்குகிறது என்று 1991இல் ஃபசானோ குழுவினர் காட்டினார்கள். உப்பும் சர்க்கரையும் சேர்ந்தால் குடல் நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்ற அறிவை வைத்து, 1971இல் வங்காளதேச அகதிகள் குவிந்த பங்காவ் முகாமில் திலீப் மஹலநாபிஸ் கரைசல் கொடுத்தார். சாவு விகிதம் சுமார் 30 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. காலராவின் நஞ்சைக் கண்டவரும் இந்தியர், அந்த முகாமில் கரைசலால் அதை வென்றவரும் இந்தியர். அரை நூற்றாண்டு கழித்தும் அதை நம் குடிநீர்க் குழாய்க்குள் அனுமதித்ததும் நாமேதான்.

2024 ஜூன் 11 அன்று புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில், புதுநகரில், பாதாளச் சாக்கடையின் விஷவாயு வீட்டுக் கழிப்பறைகள் வழியே ஏறிவந்து மூன்று பெண்களைக் கொன்றது. ஒருவர் பள்ளி மாணவி. கழிப்பறைக்குப் போனவர் திரும்பவில்லை. கழிப்பறைக்கும் சாக்கடைக்கும் நடுவே இருக்க வேண்டிய காவல் என்ன தெரியுமா? வளைந்த குழாயில் எப்போதும் தேங்கி நிற்கும் சில அங்குல நீர். அதுவும் ஒரு தடுப்புச் சுவர். அதைத் தாண்டி வாயு வராதபடி சாக்கடையைச் சீராக வைத்திருப்பது ஓர் ஊரின் கடமை. அந்த வீதிகளிலும் காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டிருப்பார்கள். கோலம் வாசலைக் காத்தது. வீட்டுக்குள் இருந்தவர்களை யாரும் காக்கவில்லை.

அழுக்குதான் ஒரே பகை என்றும் நினைத்துவிட வேண்டாம். டெங்குக் கொசு முட்டையிடுவது சுத்தமான நீரில். நம் வீட்டு மாடித் தொட்டியில், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டில், பூச்சாடியின் அடியில். அந்த வைரஸ் வெளியிடும் ஒரு புரதம் ரத்தக்குழாயின் உட்சுவரை நெகிழவைக்கிறது. காய்ச்சல் இறங்கிவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடையும் நேரத்தில்தான் ரத்த நீர் குழாய்க்கு வெளியே கசிந்து உயிருக்கு ஆபத்தாகிறது. 1975இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்ட நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆய்வு மையம், டெங்குவைப் பரப்ப முடியாத கொசு வகைகளை உருவாக்கியிருப்பதாக 2022இல் அறிவித்தது. அறிவு நம் ஊரில் இருக்கிறது. எந்த வீதியில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்து ஒதுங்கும் பழக்கமும் நம் ஊரில் இருக்கிறது. கொசுவுக்குப் பெரிய வாய்க்காலின் கிழக்கும் மேற்கும் ஒன்றுதான்.

‘சரி, என் வீட்டை நான் சுத்தமாக வைத்துக்கொள்கிறேன், கேன் தண்ணீர் வாங்குகிறேன், சுத்திகரிப்பு எந்திரம் மாட்டியிருக்கிறேன்’ என்று நடுத்தர வர்க்கம் ஒதுங்கிக்கொள்கிறது. குடல் கசிவை அடைக்கும் பொடி என்று விளம்பரம் செய்தால் அதையும் வாங்குகிறது. செம்பைத் தூக்கிப் பிடித்த அதே மனம்தான் இது. ஊர் எப்படிப் போனாலும் என் வட்டத்துக்குள் தூய்மை இருந்தால் போதும் என்கிற மனம். அது அறத்தில் மட்டும் தோற்கவில்லை, அறிவியலிலும் தோற்றுவிட்டது. வங்கதேசத்திலும் கென்யாவிலும் ஜிம்பாப்வேயிலும் பெரிய சோதனைகள் நடந்தன. வீடுவீடாகக் கழிப்பறை கட்டிக்கொடுத்தார்கள், நீரில் குளோரின் கலக்கச் செய்தார்கள், கைகழுவ ஏற்பாடு செய்தார்கள். 2018இலும் 2019இலும் முடிவுகள் வந்தன. வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கு குறைந்தது. ஆனால் இந்த ஏற்பாடுகளால் எந்த நாட்டிலும் குழந்தைகளின் உயரம் கூடவில்லை. வீட்டளவில் செய்யும் சிறு திருத்தம் போதாது, குழந்தை தவழும் மண்ணிலிருந்து ஊர்க் குழாய் வரை சூழல் முழுவதும் மாற வேண்டும் என்பதே அதிலிருந்து ஆய்வாளர்கள் பெற்ற படிப்பினை.

எனக்கு இது ஏமாற்றம் தரும் முடிவாகத் தோன்றவில்லை. நம் வரலாற்றின்மீது சொல்லப்பட்ட தீர்ப்பாகத் தோன்றுகிறது. தனித்தனித் தூய்மை என்று ஒன்று இல்லை. அடுத்த வீதியில் சாக்கடை வழிந்தால் உன் வீட்டுப் பிள்ளையின் குடல்சுவர் நெகிழும். அடுத்தவரை ஒதுக்கிவைத்துத் தான் மட்டும் தூய்மையாக இருக்கலாம் என்பதுதான் தீட்டின் சாரம். குழந்தைகளின் உடல் அதைப் பொய் என்று சொல்லிவிட்டது.

பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டால் இன்றும் யாரைக் கூப்பிடுகிறோம்? மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னும் கடுமையான ஒரு சட்டம். சாக்கடைக்குள் இறங்கி இறப்பவரின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடு என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை முப்பது லட்சமாக்கியது. தொகை உயர்ந்தது, சாவு நிற்கவில்லை. அந்தக் குழிக்குள் இறங்குகிறவர் எந்தச் சாதி என்று கேட்காமலே நம் எல்லாருக்கும் தெரிகிறதே, அதுதான் 1745இன் சுவர். சம்பா கோயிலில் இடித்ததைப் பூமிக்கு அடியில் கட்டிவைத்திருக்கிறோம். நம் குடலைக் காக்கிறவரைத் தீட்டு என்றும், நம் கழிவை உண்டாக்கிய நம்மைத் தூய்மை என்றும் சொல்லிக்கொண்டு எந்த முகத்தோடு பிள்ளைகளுக்கு நீதி போதிக்கிறோம்?

பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபம்தான் புதுச்சேரி அரசின் முத்திரை. அதன் கதை ஊருக்கே தெரியும். விளக்குகள் சுடர்ந்த ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்து மன்னர் ஒருவர் கைகூப்பினார். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் சினந்து இடிக்கச் சொன்னார். தானே இடிக்கிறேன் என்று வேண்டிக்கொண்ட ஆயி, அந்த இடத்தில் மக்களுக்காக ஒரு குளம் வெட்டினார். பிரெஞ்சுக்காரர் காலத்தில், மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில், முத்திரைப்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் வந்தபோது ஆயியின் நினைவாக மண்டபம் எழுந்தது. மன்னர் வணங்கியபோதும் சினந்தபோதும் அந்த வீட்டின் சுவரில் ஒரு செங்கல்கூட மாறவில்லை. மாறியது உள்ளே இருப்பவர் யார் என்ற செய்தி மட்டும். தீட்டு என்பதன் மொத்த எடையும் அந்தச் செய்திதான். ஆனால் அந்தப் பெண் வெட்டிய குளத்து நீரைக் குடித்தவர்களின் குடல் அவர் யார் என்று கேட்கவில்லை.

ஒரு குடிநீர் மண்டபத்தை முத்திரையாகக் கொண்ட அரசு இது. அந்த முத்திரை பதித்த தாளில், ஒவ்வொரு வீதிக் குழாயின் நீர்ச் சோதனை முடிவும் மாதந்தோறும் அந்தந்த வீதியின் ரேஷன் கடையிலும் அங்கன்வாடியிலும் ஒட்டப்பட வேண்டும். அதன் பக்கத்திலேயே அந்த அங்கன்வாடிப் பிள்ளைகளின் உயரம் எழுதப்பட வேண்டும். மனிதர் இறங்காமல் சாக்கடையைச் சுத்தம் செய்ய எத்தனை எந்திரம் இருக்கிறது, எத்தனை தேவை என்பதும் அதில் இருக்க வேண்டும். இதைக் கேட்க எந்தக் கட்சியும் தேவையில்லை. கோயில் திருவிழாவுக்கு வீதிக்கு வீதி வசூல் செய்யத் தெரிந்த நமக்கு இதைக் கேட்கவும் தெரியும்.

என் தம்பி பிழைத்தான். நன்றாக வளர்ந்தான். எங்கள் வீட்டில் ஆஸ்பத்திரிக்குப் போகக் காசு இருந்தது. பின்சந்து வழியாக வந்து போன அந்த அம்மாளின் பெயர் எனக்குத் தெரியாது. அவருக்கு எத்தனை பிள்ளைகள், அவர்கள் எந்தக் கிணற்று நீரைக் குடித்தார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஒரு முழம் உயரத்திலிருந்து ஊற்றிய நீர் அவர் கையில் விழும் சத்தம் மட்டும் நினைவிருக்கிறது. அந்தக் கிணற்று நீரைத்தான் நாங்களும் குடித்தோம்.